எதிர் பிளேடு

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் பிலவேந்திரன். பெயரை மறைத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவன் இன்னும் அதே ஹாங்கரில்தான் இருக்கிறான். இதைப் படித்தால் படிக்கட்டும்.

எங்கள் ஹாங்கர், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகை, விமான நிலையத்தின் பின்பக்கம் இருக்கிறது. பெரிய பயணிகள் விமானம் அங்கே வராது. ஏழெட்டுப் பேர் உட்காரும் சின்ன ஜெட்டுகள்தான் வரும். ஆலை முதலாளிகளும் ஆஸ்பத்திரிக்காரர்களும் சொந்தமாக வைத்திருப்பவை. வால் பக்கத்தில் இரண்டு என்ஜின் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன டர்போஃபேன். ஒரு ஆள் கட்டிப் பிடித்துவிடலாம், அவ்வளவுதான் பருமன். முன்னால் ஃபேன், பின்னால் வயிறு. ஃபேன் காற்றை இழுக்கும், வயிறு எரிக்கும்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். என் வேலை பெஞ்சில் உட்கார்ந்து அரம் பிடிப்பது. ஓடுபாதையில் கிடக்கும் சின்னக் கல்லை என்ஜின் உறிஞ்சிவிடும். அது ஃபேன் பிளேடின் விளிம்பில் பட்டுப் பல் மாதிரி ஒரு வெட்டு விழும். அந்த வெட்டிலிருந்துதான் விரிசல் ஓடும். ஓடுவதற்கு முன்னால் அதைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட வேண்டும். ஊரில் பூட்டுப் பட்டறையில் பழகிய கை. இங்கே செல்லுபடியானது.

போன வருஷம் ஒரு என்ஜினை ஓட்டிப் பார்த்தபோது அது எதையோ விழுங்கியது.

சோற்றில் கல் கடிபட்டால் காதுக்குள் ஒரு சத்தம் கேட்குமே, அந்தச் சத்தம் ஹாங்கர் முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு ஊளை. பிறகு ஒன்றும் இல்லை. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை.

வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த சின்னச் சின்ன பிளேடுகள் எல்லாம் பாதி பாதியாக நின்றன. அவற்றுக்கு நடுவில், கோணிப்போன ஒரு தகரத் துண்டு. பேனா டார்ச்சின் கிளிப். சட்டைப் பையில் செருகுவதற்காக வைத்திருப்பது.

அந்த மாதிரி டார்ச் எங்கள் எல்லோரிடமும் உண்டு. மறுநாள் காலையில் விசாரித்தபோது என்னுடையதை எடுத்துக் காட்டினேன். அதில் கிளிப் இருந்தது.

"புதுசு வாங்கியிருப்பே" என்றார் மேனேஜர் சடகோபன்.

"பழசு சார். பாருங்க, என் பேரு கீறி வெச்சிருக்கேன்."

"கீற எவ்வளவு நேரம் ஆகும்?"

பிறகு அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "ஓட்டறதுக்கு முன்னால என்ஜின் வாய்ப்பக்கம் போனது யாரு?"

பிலவேந்திரன் தலையைத் தூக்காமல் சொன்னான். "மூடியைக் கழற்றினது அண்ணாச்சி சார்."

அண்ணாச்சி என்றால் நான். தங்கப்பழம் என்ற என் பெயரை ஹாங்கரில் யாரும் சொல்வதில்லை.

அவன் சொன்னது பொய் இல்லை. மூடியைக் கழற்றியவன் நான்தான். கழற்றிய பிறகு வாய்க்குள் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தவன் அவன். அந்தப் பாதியை அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். என் சொல் எடுபடவில்லை.

என்னை விமானம் இழுக்கும் வண்டிகளைக் கழுவ அனுப்பிவிட்டார்கள். ஒரு வாளி, ஒரு துணி.

"யாராவது ஒருத்தர் வேற மாதிரி சொல்லட்டும், அன்னைக்கே பெஞ்சுக்கு வா" என்றார் மேனேஜர். "இல்லேன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் இதுதான்."

வண்டி ஓட்டும் பையன்கள் என்னிடம் டார்ச் இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாளித் தண்ணீரை அவர்கள் செருப்புப் பக்கம் ஊற்றுவேன்.

என்ஜின் பகுதிக்குத் தலைவர் லோசனி மேடம். வயதில் என் மூத்த மகளைவிடச் சின்னவர். ஆனாலும் எனக்குக் குரு அவர்தான். தேய்க்க எனக்கு முன்பே தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்.

கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. எதையாவது செய்து காட்டுவார், அல்லது என்னைச் செய்ய வைப்பார். ஒருமுறை, என்ஜினில் எண்ணெய் கசிகிறதா என்று எப்படி மேடம் நிச்சயமாகத் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். வெள்ளைப் பனியனோடு அதற்குக் கீழே படுக்கச் சொன்னார். மத்தியானம் வரை படுத்திருந்தேன். "எழுந்திருங்க அண்ணாச்சி" என்றார். பனியனைப் பார்த்தார், போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதன் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாளிக்குப் போன பிறகும் டீ நேரத்தில் அவரிடம்தான் போய் நிற்பேன். ஒரே கேள்விதான்.

"செய்யாத தப்புக்கு நான் எதுக்கு மேடம் தேயணும்?"

அவர் டீயைக் குடித்து முடிப்பார். கப்பைக் கசக்கித் தொட்டியில் போடுவார்.

"பார்ப்போம் அண்ணாச்சி."

இப்படியே ஒரு வருஷம்.

ஒரு நாள் காலையில் நூல் ஆலைக்காரர் ஒருவரின் ஜெட் கல்லை விழுங்கிவிட்டு வந்து நின்றது. மேடம் ஆள் அனுப்பாமல் அவரே வண்டி கழுவும் இடத்துக்கு வந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

"எங்க மேடம்?"

"பெஞ்சுக்கு."

நான் கையைக் கழுவினேன். துடைத்துவிட்டு, மறுபடியும் கழுவினேன். பிலவேந்திரன் வாய் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் வந்து கையைப் பிடித்தால் பிடிக்க விடுவதா, உதறுவதா என்றுகூட யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அவன் என்ஜின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. வாளியை வெளியவே வெச்சுட்டீங்கல்ல?"

"வெச்சுட்டேன். நீ உன் டார்ச்சை வெளியே வெச்சியா?"

அவன் என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆக, அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஃபேன் எனக்குப் புதிது. என் காலத்தில் பிளேடுகள் தனித்தனியாகக் கழலும். ரொம்ப மோசமானதைக் கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறு போடுவோம். இது நான் வாளிக்குப் போன பிறகு வந்த வகை. நடுக்குடமும் பிளேடுகளும் சேர்ந்து டைட்டானியத்தின் ஒரே கட்டியிலிருந்து குடைந்தெடுத்தது. எதுவும் கழலாது. ஒன்றைக் கெடுத்தால் மொத்தமும் குப்பை.

அடிபட்ட பிளேடைப் பிலவேந்திரன் தேய்த்தான். பொடி உள்ளே போகாமல் இருக்கப் பின்னால் ஈரத்துணி அடைத்து, விளிம்பில் அரத்தை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் தேய்த்தான். நன்றாகத்தான் தேய்த்தான். அது இல்லை என்று சொல்ல மாட்டேன். வெட்டு இருந்த இடம் பிறை மாதிரி ஆழமில்லாத ஒரு வளைவாகிவிட்டது. மேடம் அளந்தார், தலையாட்டினார்.

பிறகு அந்த பிளேடிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வந்தார். நேர் எதிரே இருந்த பிளேடில் விரல் நின்றது. நீல மையால் அதில் ஒரு கோடு போட்டார்.

"அண்ணாச்சி, இது உங்களுக்கு."

நான் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். நகத்தை விளிம்பில் ஓட்டினேன். ஒரு கீறல் இல்லை.

"இதுக்கு ஒண்ணும் ஆகலை மேடம்."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் கோடு?"

"அங்க எவ்வளவு எடுத்தானோ, அவ்வளவு இங்க எடுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிற ஆள் இல்லை அவர்.

"நல்லதை வெட்டச் சொல்றீங்களா?"

"ஒரு பக்கம் எள்ளளவு லேசானாலும் இது ஆடும். ஆடினா பேரிங் போகும். தரையில இருக்கும்போது போகாது. மேலே இருக்கும்போது போகும்."

"அடிபட்டது அந்தப் பக்கம்."

"ஆமா."

"இது என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை."

"பின்னே?"

"எதிர்ல இருந்துச்சு."

பிலவேந்திரன் தன் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்த பிறகும் அதையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் மாட்டேன்" என்றேன்.

மேடம் கையை நீட்டினார். "அரத்தைக் கொடுங்க. நான் பண்றேன்."

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வாளிக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு வருஷம் கழித்து அரம் கிடைத்த ருசியில் கை தன் பாட்டுக்குப் போனது. அந்த அழகான விளிம்பு என் கண் முன்னால் கரைந்தது. வெள்ளிப் பொடி ஈரத்துணியில் ஒட்டியது. கை ஒரு இடத்திலும் தவறவில்லை. என் கை இப்படிப்பட்டது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"போதும்" என்றார் மேடம்.

அதற்கு முன்பே நான் நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வளைவையும் அளந்தார். சிவப்பு மை பூசித் துடைத்து, விரிசல் இல்லை என்று பார்த்தார். மத்தியானத்துக்குப் பிறகு விமானத்தை வெளியே இழுத்துப் போய் என்ஜினை ஓட்டினார்கள். ஆட்டம் காட்டும் முள் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சத்தம்கூடப் பட்டுத்துணி கிழிகிற மாதிரி, ஒரே சீராக இருந்தது.

அணைத்த பிறகு பிலவேந்திரன் என் பக்கத்தில் வந்தான்.

"நல்ல கை அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். நான் திரும்பினேன். மேடம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் வாயை மூடிக்கொண்டு, டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நானும் மேடமும் மட்டும் வால் பக்கத்தில் நின்றோம். என்ஜின் ஆறுவதற்காக டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் ஏன் அவரைப் பார்த்தான் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. காலையில் அவர் விரல் எண்ணிக்கொண்டே வந்து நின்ற இடம் கண்ணுக்குள் வந்தது.

"எதிர்ல இருக்கறது எதுன்னு யார் மேடம் எண்ணினது?"

"நான்தான். பார்த்தீங்களே."

"இந்த பிளேடைக் கேட்கலை."

டீ கப் இருந்தால் கசக்கியிருப்பார். கையில் ஒன்றும் இல்லை.

"அதுவும் நான்தான் அண்ணாச்சி."

"எது?"

"அன்னைக்குச் சாயங்காலமே பிலவேந்திரன் என் ரூமுக்கு வந்துட்டான். டார்ச்சை மேஜை மேல வெச்சான். கிளிப் இல்லை. அழுதான். மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன்னான். நான்தான் உக்காருன்னு சொன்னேன்."

நான் பக்கத்தில் இருந்த டிராலியைப் பிடித்தேன். அது சக்கரம் வைத்த டிராலி. உருண்டது. நானும் அதோடு இரண்டடி உருண்டேன். அவர் கையைப் பிடிக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

"எதுக்கு உக்காரச் சொன்னீங்க?"

"என்ஜினை ஓட்டிப் பார்த்து அனுப்பணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். இங்க கையெழுத்துப் போடற உரிமை எனக்கு இருக்கு, அவனுக்கு இருக்கு. வேற யாருக்கும் இல்லை. அவனோடதைப் பிடுங்கிட்டா அன்னைக்கே ஷட்டர் இறங்கும். இங்க எத்தனை குடும்பம் சாப்பிடுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"என்னைத் தள்ளினா?"

"உங்களுக்குக் கையெழுத்து இல்லை."

"ஏழாங்கிளாஸ்."

"ஆமா."

ஒரு பேச்சுக்காவது இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"மூடியைக் கழற்றினது அண்ணாச்சின்னு அவனைச் சொல்லச் சொன்னதும் நீங்களா?"

"பொய் சொல்லாதேன்னேன். மூடியைக் கழற்றினது யாருன்னு மட்டும் சொல்லு, மத்ததைக் கேட்டா சொல்லுன்னேன். மத்ததை யாரும் கேட்கலை."

"நான் கேட்டேன். ஒரு வருஷம் உங்க முன்னால வந்து நின்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"கப்பைக் கசக்கிப் போட்டீங்க."

"ஆமா."

பிலவேந்திரன்மேல் ஒரு வருஷமாக வைத்திருந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அவன்மேல் வைத்தது அவன்மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவனுக்கும் வாய் இருந்தது, என் வீட்டு விலாசமும் தெரிந்திருந்தது.

"என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். இப்படி இருக்கு அண்ணாச்சி, நீங்க ஏத்துக்கங்கன்னு."

"காலைல அந்த பிளேடைத் தேய்ச்சீங்களே. அதைக் கேட்டீங்களா?"

"அது உலோகம். நான் மனுஷன்."

"அதனாலதான் இன்னைக்குச் சொல்றேன்."

ஓடுபாதையில் பெரிய விமானம் ஒன்று இறங்கியது. அதன் இரைச்சல் அடங்கியது.

"நாளையிலேர்ந்து பெஞ்சுக்கு வாங்க" என்றார். "மேனேஜர்கிட்டப் பேசிட்டேன்."

"என்னன்னு பேசினீங்க?"

"கை தெரிஞ்ச ஆள் வேணும்னு."

"கிளிப் என்னுது இல்லைன்னு?"

"அதைப் பேசலை."

"அப்ப நான் பெஞ்சுல உக்காந்திருக்கும்போதும், என்ஜினைக் கெடுத்தவன் இவன்தான்னு எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்ப்பாங்க."

"எனக்கு பெஞ்சு வேண்டாம். வாளியே போதும்."

"சரி."

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. போகத் திரும்பினேன். மறுபடியும் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எனக்கு ஒரு வார்த்தை தரணும் மேடம். மேனேஜர் முன்னால. எல்லார் முன்னாலயும்."

"தரணும்."

"அவன் இல்லை. நீங்க."

"நான்தான் தரணும். இல்லைன்னு சொல்லலை."

"எப்போ?"

அவர் என்ஜின் வாய்க்குள் கையை விட்டு, ஃபேனை ஒரு சுண்டு சுண்டிவிட்டார்.

"இது நிக்கட்டும் அண்ணாச்சி."

சொல்லிவிட்டு ஹாங்கருக்குள் போய்விட்டார்.

கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும் நேரம் அது. விமானத்தின் மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. அவன் தேய்த்தது எது, நான் தேய்த்தது எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் மெதுவாகும். அடுத்த காற்று வந்து மறுபடி சுழற்றிவிடும்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நிற்கவில்லை.